வக்கீல் கடைசியாகச் சொன்னது

எங்கள் பாதுகாப்புப் படை சுட்டு இதுவரை யாரும் பேசாமல் செத்ததில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். வேறு இடங்களில் குண்டு பட்டவன் "ஐயோ" என்பான், "அம்மா" என்பான், அதற்கும் வழியில்லாமல் அப்படியே சரிந்துபோவான். எங்கள் ஆட்கள் அப்படியில்லை. சுடப்படுவதற்கு நான்கு விநாடி முன்னால் நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்களில் ஒருவரையும் உயிரோடு விட மாட்டேன். என் கடைசி மூச்சு உள்ளவரை போராடுவேன்" என்று இரண்டு வாக்கியம் பேசிவிட்டுத்தான் சாவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் நூற்று எண்பத்தேழு பேர். அதில் லாரி டிரைவர் உண்டு, கணக்கு வாத்தியார் உண்டு. எங்கள் மொழியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாத வெளிநாட்டு மாலுமி ஒருவனும் உண்டு. அவனும் அதே இரண்டு வாக்கியத்தைத்தான் சொன்னான். உச்சரிப்பில் ஒரு குறை கிடையாது.

காரணம் இருக்கிறது. பயங்கரவாதி என்று சந்தேகப்படுகிற ஆளைச் சுட வேண்டுமானால், அவனுக்குக் கொல்லும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும் என்கிறது சட்டம். எண்ணத்தை யார் கண்டார்? வார்த்தையைத்தான் காதால் கேட்க முடியும். ஆகவே படைத் தலைமையகத்தின் இரண்டாம் மாடியில், கழிவறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே, 'இறுதிச் சொல் பிரிவு' என்று ஒன்று திறந்தார்கள். ஒரு கண்காணிப்பாளர், இரண்டு எழுத்தர்கள், ஒரு ரப்பர் முத்திரை, 'படிவம் ஏழு'. ஆரம்பத்தில் ஆள் செத்த பிறகுதான் அதை நிரப்பினார்கள். அதில் அவசரம், அடித்தல் திருத்தல், தலைவலி. பிற்பாடு புத்தி வந்து, வண்டி புறப்படுவதற்கு முன்பே நிரப்பி, கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு டிரைவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பெயர் எழுதும் இடம் மட்டும் காலி. அதற்கென்று ஒருவரைத் தேடித்தான் வண்டி போகும்.

நூற்று எண்பத்தெட்டாவது ஆள் வக்கீல்.

வக்கீல் உண்மையில் வக்கீல் இல்லை. மர அறுவை மில்லில் வேலை பார்த்த இருபத்தாறு வயதுப் பையன். பிறவியிலேயே காது கேட்காது, வாயும் பேச வராது. அறுவை யந்திரத்தின் சத்தத்தில் மற்றவர்களுக்கெல்லாம் நாற்பது வயதில் காது போகும். இவன் காதை முன்கூட்டியே கழற்றி வைத்துவிட்டு வந்ததாக மில் முதலாளிக்கு ஏக சந்தோஷம். கடையில் எடை குறைந்தால், பஸ்ஸில் மீதிச் சில்லறை வராவிட்டால், இரண்டு கையையும் வீசி, விரலால் எண்ணி, நெஞ்சில் தட்டி, வானத்தைச் சாட்சிக்கு இழுத்து, அப்படி வாதாடுவான். அதைப் பார்த்துத்தான் தெருவே அவனை வக்கீல் என்று கூப்பிட்டது. கூப்பிட்டது என்பதும் தப்பு. அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் வீட்டில் காலால் தரையை ஓங்கி மிதிப்பார்கள். அதிர்வில் திரும்பிப் பார்ப்பான். சாப்பாட்டுக்கு ஒரு மிதி, கதவைத் திறக்க இரண்டு மிதி. கீழ்வீட்டுக்காரர் தலையில் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அவன் அம்மா கேட்டாள் என்று ஜன்னல் திரைக்கு ஒரு குழாய்க் கம்பி வாங்கிக்கொண்டு நடந்து வந்தான். அதே நேரத்தில் படை, 'உயரமானவர், கையில் நீளமாக ஏதோ வைத்திருக்கிறார்' என்று தகவல் வந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தது. வக்கீல் உயரம். கம்பி நீளம். பின்னாலிருந்து மூன்று முறை "நில்" என்றார்கள். தெருவில் ஓடிய நாய் நின்றது, சைக்கிள் நின்றது, தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். வக்கீல் மட்டும் நிற்கவில்லை.

மதியமே இரண்டு பேர் வீட்டுக்கு வந்து படிவம் ஏழின் நகலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். குடும்பத்துக்கு ஒரு நகல் தருவது படையின் வெளிப்படைத்தன்மை. வாங்கியவர் வக்கீலின் அப்பா. பேக்கரியில் மாவு பிசைகிறவர், ஊருக்கு ரொட்டிக்காரர். விரலிடுக்கில் மாவு காய்ந்திருந்தது. படித்தார். திரும்பவும் படித்தார். நான்காவது தடவை படித்தபோது அவர் மனைவி கேட்டாள்.

"என்னங்க போட்டிருக்கு?"

"பேசினான்னு போட்டிருக்கு."

"யாரு?"

"நம்ம பையன்."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "என்ன பேசினான்?"

ரொட்டிக்காரர் இரண்டு வாக்கியத்தையும் வாசித்துக் காட்டினார்.

"இவ்வளவு நீளமாவா?"

"ஆமா."

"அதுல என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"இல்ல."

அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "ஆறு வருஷம் பேச்சு வகுப்புக்குத் தூக்கிட்டு அலைஞ்சேன். கண்ணாடி முன்னால உக்கார வச்சு, என் உதட்டைப் பாருடா, ம்மா சொல்லுடான்னு தொண்டை வத்திப் போச்சு. ஒரு 'ம்' வரல. தெருவுல துப்பாக்கியோட நிக்கிற எவன்கிட்டயோ இத்தனை பேசியிருக்கான். வரட்டும் வீட்டுக்கு, வச்சுக்கறேன்."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் ரொட்டிக்காரர் தலைமையகத்துக்குப் போனார். அவருக்கு வேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று, பையனின் உடல். இன்னொன்று, பையனின் குரலைக் கேட்ட ஆள். ஐந்து நிமிஷம் பார்த்தால் போதும்.

இறுதிச் சொல் பிரிவின் கண்காணிப்பாளர் தங்கமான மனிதர். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார்.

"அந்த ரெண்டு வரி படிச்சீங்களா?" என்று ஆசையோடு கேட்டார்.

"படிச்சேன் சார்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு சார்."

"நூத்தி எண்பத்தெட்டு பேருக்கும் நான்தான்," என்றார் கண்காணிப்பாளர், குரலைத் தாழ்த்தி. "வெளியில சொல்லிக்கறதில்ல. சாகறவனுக்கு ஒரு மரியாதை வேணும் பாருங்க. 'ஐயோ'ன்னு கத்திட்டுச் செத்தா நாளைக்கு யார் மதிப்பா? நாங்க சுடறோம், ஒத்துக்கறேன். ஆனா யாரையும் கேவலப்படுத்தி அனுப்பறதில்ல."

"குரல் எப்படி இருந்துச்சு சார்?"

"யார் குரல்?"

"பையன் குரல். எனக்கு இப்படிக் கரகரன்னு இருக்கும். அவன் மாமனுக்குக் கீச்சுக் குரல். இவனுக்கு எது வந்திருக்குமோன்னு வீட்டுல நாங்க அடிக்கடி பேசிக்குவோம்."

கண்காணிப்பாளருக்கு மனசு இளகிவிட்டது. "கம்பீரமா இருந்துச்சு," என்றார். "ஆழமா. கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி."

"அப்போ என் அப்பா குரல்," என்று ரொட்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவனுக்குப் பிறவியிலேயே காதும் கேட்காது, பேச்சும் வராதுங்க. அதான் கேட்டேன்."

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். படிவத்தைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், எழுத்தர்கள் இருவரையும் பார்த்தார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே பெரியவரே!"

"யார்கிட்ட சார்?"

"எங்ககிட்டதான்."

"எப்போ சார்?"

"செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி."

இனித் திருத்த முடியாது. அந்த இரண்டு வாக்கியம் அதற்குள் அலுவலகத்தை விட்டுப் போய், வெளியுலகில் வளர ஆரம்பித்திருந்தது. புதன்கிழமை படைப்பிரிவுத் தலைவர் நிருபர்களிடம் சொன்னபோது நான்கு வாக்கியம் ஆயிற்று. வியாழக்கிழமை தலைமை அதிகாரி வாயில் அது ஒரு பத்தி. வெள்ளிக்கிழமை அமைச்சர் சபையில் வாசித்தபோது ஒன்றரைப் பக்கம். அதில் வக்கீல் தன் இயக்கத்தின் நோக்கங்களை விளக்கி, எதிர்க்கட்சித் தலைவருக்கு நன்றி சொல்லி, "இந்தப் படைக்கு இன்னும் பதினான்கு வண்டிகள் மட்டும் இருந்திருந்தால் நான் என்றோ பிடிபட்டிருப்பேன்" என்று மனம் திறந்து ஒப்புக்கொண்டான். "நில் என்று சொன்னதற்கும் சுட்டதற்கும் நடுவில் நான்கு விநாடி என்கிறீர்கள். ஒன்றரைப் பக்கத்தை எப்படிப் பேசினார்?" என்று ஒரு நிருபர் கேட்டார். "வேகமாகப் பேசினார்" என்றார் தலைமை அதிகாரி. திரைக் கம்பியைப் பற்றியும் அறிக்கை வந்தது: 'குழாய் வடிவ ஆயுதம். இரு முனையும் திறந்திருப்பதால் இரு திசையிலும் சுடக்கூடியது. குண்டு எதுவும் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்துவிட்டார் என்பதற்கு இதுவே சான்று.' அதோடு 'வக்கீல்' என்பது அவனுடைய இயக்கப் பெயராம்.

சனிக்கிழமை ரொட்டிக்காரர், பையனின் காது கேளாமைச் சான்றிதழோடு வந்தார். படை உடனே மருத்துவக் குழு அமைத்தது. ஒரு கண் டாக்டர், ஒரு பல் டாக்டர், படைக் குதிரைகளின் டாக்டர். மூவரும் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

"சான்றிதழ் அசல்தான்," என்றார் குதிரை டாக்டர். "பேச முடியாதவர் பேசியிருக்கார். இதுக்கு ரெண்டு விளக்கம்தான் இருக்கு. ஒண்ணு, அதிசயம். இல்லாட்டிப் பயிற்சி. அதிசயத்துக்கு எங்க படிவத்துல தலைப்பு இல்ல. பயிற்சிக்கு இருக்கு."

"என்ன பயிற்சிங்க?" என்றார் ரொட்டிக்காரர்.

"பேசத் தெரிஞ்சும் பேசாம இருக்கற பயிற்சி. எந்த வயசுலேருந்து பேசாம இருக்கார்?"

"பொறந்ததுலேருந்து."

பல் டாக்டர் சீட்டியடித்தார். "அவ்வளவு சின்ன வயசுலயே சேர்த்துட்டாங்களா!"

குழு அடுத்ததாக அவன் படித்த காது கேளாதோர் பள்ளியை ஆராய்ந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட அணி வகுப்பறைக்குப் பின்னால் பூனை மாதிரி வந்து நின்று, ஒலிபெருக்கியில் "நில்" என்று கத்தியது. நாற்பது பிள்ளைகளில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது, பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். 'ஏழு வயதுக் குழந்தைகூட இமைக்கவில்லை. இப்படியொரு கட்டுப்பாட்டை நம் பயிற்சிக் கல்லூரியில்கூடக் கண்டதில்லை' என்று அறிக்கை வியந்தது. சற்றுக் கழித்து ஒரே ஒரு சிறுமி, கீழே விழுந்த பென்சிலை எடுக்கத் திரும்பினாள். அவள் பெயரை 'உறுதி குறைந்தவர், பேச வைக்க முயலலாம்' என்று குறித்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து பள்ளி ஆசிரியை ஒரு புதுப் பாடம் நடத்தினாள்: காக்கிச் சட்டையைக் கண்டால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பிள்ளைகள் சமர்த்து, ஒரே நாளில் கற்றுக்கொண்டன. கையைத் தூக்கியபடி நின்றால் அதுகளால் ஒரு வார்த்தைகூடப் பேச முடியாது என்பதுதான் ஒரே இடைஞ்சல்.

திங்கட்கிழமை ரொட்டிக்காரர் துணைத் தலைமை அதிகாரியின் முன்னால் நின்றார். இப்போது அவர் குரலைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்.

"உடலை மட்டும் குடுத்துடுங்க சார்."

"எந்த உடல்?"

"நூத்தி எண்பத்தெட்டு, சார்."

"அது பேசின உடல்." துணைத் தலைமை அதிகாரி பென்சிலால் மேஜையைத் தட்டினார். "உங்க பையன் பேசுவானா?"

"மாட்டான் சார்."

"அப்போ அது உங்க பையன் இல்ல. வேற யாரோட பிள்ளையையோ நான் எப்படி உங்ககிட்டத் தூக்கிக் குடுக்கறது? நாளைக்கு அவங்க வந்து கேட்டா?"

"சார், முகத்தைப் பார்த்தா..."

"முகத்துக்கு முன்னாடி சட்டம் இருக்குங்க. நல்லா யோசிங்க. பேசினவன் செத்துட்டான். உங்க பையன் பேச மாட்டான். அப்போ உங்க பையன் உயிரோடதானே இருக்கணும்? சந்தோஷமான விஷயம். வீட்டுக்குப் போய்ப் பாருங்க. வந்திருக்கப் போறான்."

ரொட்டிக்காரர் படித்தவர் இல்லை. ஆனாலும் இது எப்படிப்பட்ட பேச்சு என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், பஸ் நிறுத்தத்துக்கு நடந்தவர் பாதியில் ஓட ஆரம்பித்தார். தன் வயதையும் முட்டியையும் நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டே ஓடினார். மூன்று மாடிப் படி ஏறி வாசலுக்கு வந்தபோது, உள்ளே தரை அதிர்ந்தது. அவர் நெஞ்சும் ஒரு கணம் அதிர்ந்தது.

உள்ளே அவர் மனைவி பையனின் கட்டில் பக்கத்தில் நின்று காலால் தரையை மிதித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு ஒரு மிதி. கதவைத் திறக்க இரண்டு மிதி. கீழ்வீட்டுக்காரர் ஒரு வாரமாகப் புகார் சொல்ல மேலே வரவில்லை.

"ஏம்மா," என்றார் வாசலிலேயே நின்று. அவள் நிறுத்தினாள். மூச்சு வாங்கும் கணவனைப் பார்த்தாள்.

மறுநாள் அவர் மறுபடியும் போனார். துணைத் தலைமை அதிகாரி கூட்டத்தில் இருந்ததால் மாடி வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பெஞ்சின் மறு முனையில் ஒரு சிப்பாய், இருபத்தைந்து வயதிருக்கும், ஒரு காகிதத்தைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். எண்பது அடி தூரத்திலிருந்து பயங்கரவாதியின் ஒன்றரைப் பக்கப் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் கேட்டதற்காக அவனுக்குப் பதக்கம் அறிவித்திருந்தார்கள். விழாவில் அந்தப் பேச்சை அவன் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும்.

"ஐயா, கொஞ்சம் இதைப் பிடிச்சுக்கறீங்களா? சரியாச் சொல்றேனான்னு பாருங்க," என்று காகிதத்தை நீட்டினான்.

ரொட்டிக்காரர் வாங்கிக்கொண்டார். சிப்பாய் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். முதல் பத்தியைத் தாண்டிவிட்டான். இரண்டாவதில் தடுமாறினான்.

"'இந்தப் படைக்கு இன்னும்...' இன்னும்... எத்தனை வண்டிங்கய்யா?"

"பதினாலு," என்று எடுத்துக்கொடுத்தார் ரொட்டிக்காரர்.

"ஆங், பதினாலு. இங்கதான் தினம் மாட்டிக்கறேன்."

"தம்பி, அவன் இதெல்லாம் சொன்னானா?"

சிப்பாய் கண்ணைத் திறந்தான். வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தான். யாரும் இல்லை. ஒரு வாரமாக யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று இருந்தவன் மாதிரி படபடவென்று பேசினான்.

"இல்லய்யா. ஒண்ணும் சொல்லல. பேப்பர்லாம் வண்டியிலயே எழுதி வச்சிருந்தாங்க. மூணு தடவை கத்தினோம், போய்க்கிட்டே இருந்தான். அப்புறம் தெருப் பெருக்கறம்மா நிக்கறதைப் பார்த்து அவனாத் திரும்பினான். என்னைப் பார்த்தான். கையில இருந்த குழாயைக் கீழ வச்சான். மெதுவா, சத்தம் வராம வச்சான். அப்புறம் கையை இப்படிக் கொண்டு போனான்..."

சிப்பாய் செய்துகாட்டினான். வலது கை ஆள்காட்டி விரலைத் தன் உதட்டருகே வைத்து ஒரு சின்ன வட்டம் போட்டான். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து, தூங்கும் குழந்தையைத் தட்டுவது மாதிரி காற்றில் இரண்டு முறை தட்டினான்.

"கை வாய்க்குப் போச்சுங்களா, விஷக் குப்பியா விசிலான்னு தெரியல. பயந்துட்டேன்."

ரொட்டிக்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே வட்டமா போட்டான்?"

சிப்பாய் யோசித்தான். "ரெண்டு."

"ரெண்டுதான் போடுவான்." காகிதத்தை ஒழுங்காக மடித்து அவனிடம் கொடுத்தார். "தெரியாதவங்ககிட்ட அப்படிக் கேப்பான் தம்பி. 'உங்க வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்கறேன், கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க'ன்னு அர்த்தம்."

சிப்பாயின் கை காற்றிலேயே நின்றுவிட்டது. "நீங்க யாருங்கய்யா?" என்றான்.

அப்போது உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ரொட்டிக்காரர் எழுந்து போனார்.

துணைத் தலைமை அதிகாரி இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். புதிதாக அச்சடித்த 'படிவம் பன்னிரண்டு' மேஜைமேல் சூடாக இருந்தது. 'மேற்படி நபர் வெளியுலகில் பேச இயலாதவர்போல் இருந்தபோதிலும், வீட்டில் எங்களிடம் வழக்கமாகப் பேசுவார் என்று பெற்றோராகிய நாங்கள் உறுதி கூறுகிறோம்.' கீழே, 'அவர் வீட்டில் பேசிய வாக்கியங்கள்: குறைந்தது மூன்று.' அதற்கும் கீழே இரண்டு கையெழுத்து.

"உங்களுக்கு உடல் கிடைக்கும், எங்களுக்கு ஃபைல் முடியும்," என்றார். "இதைவிட மனிதாபிமானமா ஒரு படிவம் எங்க வரலாற்றுல வந்ததே இல்லீங்க. வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

வீட்டில் ரொட்டிக்காரர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சிப்பாய் செய்ததைத் தானும் செய்துகாட்டினார். அவள் மெல்ல, விரலை உதட்டருகே கொண்டுபோய், தானும் ஒருமுறை செய்து பார்த்தாள்.

"கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் அவர். "போட்டா, அவங்க எழுதினதெல்லாம் நிஜம்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும். பெத்தவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு நாளைக்கு மைக்கைப் பிடிச்சுச் சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

"அவனைக் கொலைகாரன்னு சொல்றாங்கம்மா."

"போடலைன்னா அவன் யாருமே இல்லன்னு ஆயிடும்ங்க." அவள் அவர் சட்டையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள். "ஒரு வாரமா ஐஸ் பெட்டியில கிடக்கான். காலுக்குப் போர்வை இல்லாம தூங்க மாட்டான் அவன். அவன் என்ன சொன்னான்னு நமக்குத் தெரிஞ்சு போச்சு. போதும். புள்ளையைக் கூட்டிட்டு வந்துடலாம்."

புதன்கிழமை இருவரும் இறுதிச் சொல் பிரிவுக்குப் போனார்கள். கண்காணிப்பாளர் விடுப்பில் இருந்தார். இளைய எழுத்தர்தான் இருந்தான். சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த பையன். படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தான்.

"மூணு சொல்லுங்கம்மா, போதும். சட்டுனு முடிச்சுடலாம்."

அவள் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"'அம்மா, பசிக்குது.' எழுதிக்கோங்க."

எழுதினான்.

"'இன்னிக்கு மில்லுக்குப் புது மரம் வந்துச்சும்மா. சட்டையை மோந்து பாரு.'"

எழுதினான். "இன்னும் ஒண்ணு."

"'அப்பா விடற குறட்டைக்கு இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான் தப்பிச்சேன்.'"

எழுத்தர் சிரித்துவிட்டு, சட்டென்று வாயை மூடிக்கொண்டான். "மூணு ஆச்சும்மா."

"'எனக்குப் பொண்ணெல்லாம் பார்க்காத. நானே பார்த்து வச்சிருக்கேன்.'"

ரொட்டிக்காரர் திரும்பினார். "அப்படியா சொன்னான்?"

"சொல்லுவான்," என்றாள். "அந்தத் தபால் ஆபீஸ் பொண்ணுதான். எழுதுங்க தம்பி."

நான்கு, ஐந்து, ஒன்பது. அவளால் நிறுத்த முடியவில்லை. இருபத்தாறு வருடமாக அவள் காதுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் வரிசையாக வந்தது. காய்ச்சலில் சொன்னது, கோபித்துக்கொண்டு சொன்னது, ஐந்து வயதில் நிலாவைப் பார்த்துச் சொன்னது. எழுத்தர் இணைப்புத் தாள் எடுத்தான். பிறகு இன்னொன்று எடுத்தான். பதினேழாவது வாக்கியத்துக்குப் பிறகு, அதுவரை பேசாமல் இருந்த ரொட்டிக்காரர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்கய்யா."

"'நீ உக்காருப்பா. மூட்டையை நான் தூக்கறேன்.'"

இருபத்துமூன்றோடு தாள் தீர்ந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். விதிப்படி எழுத்தர் ஒவ்வொன்றையும் உரக்க வாசிக்க வேண்டும், பெற்றோர் ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' சொல்ல வேண்டும். ஆண்டறிக்கையில் பிற்பாடு இந்த இருபத்துமூன்று 'ஆம்' பற்றித் தனி அத்தியாயமே வந்தது. பயங்கரவாதியின் பெற்றோரே மனமுவந்து அளித்த வாக்குமூலம் என்று பாராட்டியிருந்தார்கள்.

எழுத்தர் வாசிக்க ஆரம்பித்தான். சளி கட்டிய, இன்னும் முற்றாத ஆண் குரல்.

"அம்மா, பசிக்குது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆமா," என்றாள்.

"இன்னிக்கு மில்லுக்குப் புது மரம் வந்துச்சும்மா. சட்டையை மோந்து பாரு."

"ஆமா."

வாசிக்க வாசிக்க எழுத்தரின் வேகம் தானாகவே குறைந்துகொண்டு வந்தது. மூக்கை உறிஞ்சுவதையும் நிறுத்திவிட்டான். கீழே முற்றத்தில் ஒரு வண்டி பின்பக்கமாக வந்து நிற்கும் சத்தமும், யாரோ நூற்று எண்பத்தெட்டு என்று கூப்பிடும் சத்தமும் கேட்டன. இரண்டாவது இணைப்புத் தாளின் அடியில் ஒரே ஒரு வரிதான் மீதம் இருந்தது.

"நான் போயிட்டு வரேம்மா," என்று வாசித்தான் எழுத்தர். "கதவைச் சாத்திக்கோ."

அவன் பேனாவோடு காத்திருந்தான்.

"பார்த்துப் போடா," என்றாள் அவள். "சீக்கிரம் வந்துடு."

அதற்குப் படிவத்தில் இடம் இல்லை. எழுத்தர் 'ஆம்' என்று எழுதினான்.